பன்னிரண்டாம் அறையில் விட்டுப்போனது

ஐப்பசி. கொடைக்கானலே ஈரத் துணி.
பதினாறு அறைகளில் பதினைந்தின் சாவி
என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.
பன்னிரண்டில் தங்கிப்போன திருப்பூர்க்காரர்
போனில் சொல்லிவிட்டார்:
"திரை போயிடுச்சும்மா, தூக்கிப் போட்டுடுங்க.
பையனுக்கு வேற வாங்கியாச்சு."

தூக்கிப் போடும் பழக்கம்
இருதயராஜுக்கு இல்லை.
பால்கனியில் குரங்கு பறித்து எறிந்த
கையடக்க கேம் கன்சோல்.
கண்ணாடிக்குள் கறுப்பு மை பரவி
இடது மூலையில் மட்டும்
தபால்தலை அளவு வெளிச்சம் மிச்சம்.
"உயிர் இருக்குக்கா, முகம்தான் இல்ல.
வரவேற்பறை டிவியில காட்டிடலாம்.
வயர் வேண்டாம், வைஃபை போதும்."

தெரியாத பட்டியலில் காதால் நடந்தோம்.
ஒரு தட்டுக்கு ஒரு டிக்.
கீழே மூன்று, வலது ஒன்று, சரி.
ஒன்று கூடினால்
வேறெதுவோ திறந்து வேறெதுவோ பாடியது.
திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணினோம்.
சலவைக் கணக்கு எழுதுகிறவள் நான்,
தலையணை உறை ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது.

மூலை வெளிச்சத்துக்குள்
எண்கள் ஒவ்வொன்றாய் ஊர்ந்து வந்தன.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி
நூற்று அறுபத்தெட்டு புள்ளி
ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டு
கணினியில் அடித்தேன்.
சுற்றியது.
சுற்றியது.
கருவியைக் காணவில்லை என்றது.

மேசையின் இந்தப் பக்கம் கணினி
அந்தப் பக்கம் கன்சோல்
நடுவில் ஒரு டீ கிளாஸ்.
காணவில்லையாம்.

அப்புறம்தான் நினைவு வந்தது.
போன சீசனில்
ஏழாம் அறைப் புதுமாப்பிள்ளை பார்த்த படம்
எட்டாம் அறை டிவியில் ஓடி
அங்கே ஒரு பாதிரியார் தங்கியிருந்து
முதலாளி ஆள் வைத்து ஒரு விதி போட்டார்:
ஒரே கூரை, ஒரே அலை,
ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியக் கூடாது.
அன்றிலிருந்து இந்த லாட்ஜில்
போன்கள் எல்லாம்
சுவரோடு சுவர் ஒட்டித் தனியே தூங்குகின்றன.

கடவுச்சொல் முதலாளி மகளின் பிறந்தநாள்.
வருஷாவருஷம் கேக் வாங்கப் போவது நான்தான்.
உள்ளே போய் ஒரு டிக்கை எடுத்துவிட்டேன்.

டிவியில் முதலில் சாம்பல் கட்டங்கள்,
பிறகு பச்சை,
பிறகு சிவப்புச் சட்டை போட்ட சின்ன ஆள்
மலைவிளிம்பில் நின்று
மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.
தலைக்கு மேல் "நிதர்சன் 2" என்று பெயர்.
ஆறு நாளாக அப்படியே நிற்கிறான் போல.

இருதயராஜ் பொத்தானை அழுத்தினான்.
ஆள் அரை நொடி கழித்துத் தாவி
பள்ளத்தில் விழுந்தான்.
படத்தின் தரத்தைக் குறைத்தேன்.
முகம் அழிந்தது, கொஞ்சம் வேகம் வந்தது.
அப்போதும் விழுந்தான்.
ரூட்டரை அலமாரி உச்சியிலிருந்து இறக்கி
பேரேட்டின் மேல் வைத்தேன்.
விழுந்தான்.

ஏழாவது தடவை
இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.
முன்பு காய்கறி லாரி ஓட்டியவன்.
"பெருமாள்மலை வளைவு மாதிரிதான்கா இது.
பனி இறங்கிட்டா
வளைவு தெரிஞ்சப்புறம் திருப்பினா செத்தோம்.
தெரியறதுக்கு முன்னாடியே கை போயிடணும்."

கை போனது.
ஆள் பின்னாலேயே போனான்.
ஒரு பள்ளம். இன்னொன்று.
காற்றாலை மாதிரி ஏதோ ஒன்று.
நான் கத்தினேன் என்று பதினாறாம் அறைக்காரர்
கதவைத் திறந்து எட்டிப்பார்த்து
அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

எட்டரைக்குக் கரண்ட் போனது.
டிவி, ரூட்டர், சாவிகள்,
எல்லாம் ஒரே இருட்டு.
இருதயராஜின் மடியில் மட்டும்
தபால்தலை அளவு பச்சை.
அவன் கட்டைவிரலை எடுக்கவில்லை.

சரக் சரக் சரக்.
"புல்லு" என்றான்.
கொஞ்ச நேரம் அது மழையா
அந்த ஆளா என்று பிரியவில்லை.
பிறகு, தொக். தொக்.
"மரப்பாலம்."

தீப்பெட்டி என் கையில் இருந்தது.
கிழிக்கவில்லை.